உயிரின் எழுத்தைத் தேடியவர்: டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ்

தமிழ்த்துறை வெளியிடும் மலரில் உயிர்வேதியியல் அறிஞர் ஒருவரின் வாழ்க்கை வரலாறு இடம்பெறுவது ஏன் என்று சிலர் வினவக்கூடும். எழுத்து அசையாகி, அசை சீராகி, சீர் அடியாகிச் செய்யுள் பிறக்கின்றது என்பது யாப்பிலக்கணத்தில் நாம் கற்கும் முதற்பாடம். உயிரின் இலக்கணமும் ஏறத்தாழ இவ்வாறே அமைந்துள்ளது. நைட்ரஜன் காரம் ஒன்று, சர்க்கரை ஒன்று, பாஸ்பேட் ஒன்று என மூன்று உறுப்புகள் கூடி அமைந்த சிறு மூலக்கூறுக்கு நியூக்ளியோடைடு என்று பெயர். அடினின், குவானின், சைட்டோசின், தைமின் எனக் காரத்தால் வேறுபடும் நான்கு நியூக்ளியோடைடுகளே டி.என்.ஏ. என்னும் மரபுநூலின் எழுத்துகள். மனிதனின் ஒரு தொகுதி மரபுப்பொருளில் இவ்வெழுத்துகள் ஏறத்தாழ 300 கோடி இணைகளாக அடுக்கப்பெற்றுள்ளன. நம் மொழியின் எழுத்துகள் எழுதுவதற்கு மட்டுமே பயன்படுவன. உயிரின் எழுத்துகளோ எழுதுவதோடு நில்லாமல், அடுப்பிற்கு விறகாகவும், கடைவீதியில் நாணயமாகவும் இருந்து உடலை இயக்குகின்றன.

இந்த இரட்டைப் பணியில் ஒன்றைக் கண்டறிந்தும், மற்றொன்றை மருத்துவத்திற்குப் பயன்படுத்தியும் வரலாறு படைத்த பெருமகனார் டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ். சென்னையில் பயின்று, அமெரிக்காவில் உழைத்து, 53 வயதில் மறைந்த அவருடைய பெயர், அவர் தந்த மருந்துகளை உண்போர் பலருக்கும் தெரியாது. அக்குறையைச் சிறிதளவேனும் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தோற்றமும் இளமையும்

சுப்பாராவ் 1895ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 12ஆம் நாள், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்தார். தந்தையார் ஜகந்நாதம், தாயார் வெங்கம்மா. உடன்பிறந்தோர் பலர், வருவாயோ குறைவு. தந்தையார் நோயுற்றமையால் குடும்பச்சுமை முழுவதும் தாயார் தோளில் விழுந்தது. பதின்மூன்றாம் வயதில் படிப்பைத் துறந்து, காசிக்குச் சென்று யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பொருளீட்டலாம் என்று வீட்டைவிட்டுப் புறப்பட்ட சிறுவனைத் தாயார் மீட்டுக் கொண்டுவந்து, மீண்டும் பள்ளியில் சேர்த்தார் என்று கூறுவர்.

பள்ளியிறுதித் தேர்வில் சுப்பாராவ் இருமுறை தோல்வியுற்றார். தாயார் தம் நகைகளை விற்றுப் பணம் திரட்டி மகனைச் சென்னைக்கு அனுப்பினார். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப்பள்ளியில் பயின்று, மூன்றாம் முயற்சியில்தான் அவர் வெற்றி கண்டார். பின்னர் மாநிலக் கல்லூரியில் இடைநிலை வகுப்புப் பயின்றார். துறவறம் பூண்டு இராமகிருஷ்ண மடத்தில் சேர விரும்பியபோது தாயார் இசைவு தரவில்லை. மருத்துவம் கற்று மக்களுக்குத் தொண்டு செய்யலாம் என்று மடத்தார் வழி காட்டினர். அந்த அறிவுரையே உலகிற்கு ஒரு மருத்துவ மேதையை ஈந்தது.

கதராடையும் குறைந்த பட்டமும்

சென்னை மருத்துவக் கல்லூரியில் நண்பர்கள் உதவியாலும், பின்னர் மாமனாரான கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தி அவர்களின் பொருளுதவியாலும் சுப்பாராவ் பயின்றார். அந்நியத் துணியைப் புறக்கணிக்குமாறு காந்தியடிகள் விடுத்த அழைப்பை ஏற்று, அறுவை அரங்கிலும் கதரால் ஆன மேலாடையையே அணிந்தார். அறுவை மருத்துவப் பேராசிரியரான ஆங்கிலேயருக்கு இது பிடிக்கவில்லை. எழுத்துத் தேர்வுகளைச் சுப்பாராவ் நன்கு எழுதியிருந்தும், முழுமையான மருத்துவப் பட்டம் வழங்கப்படவில்லை. அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது. சென்னை மருத்துவப் பணியில் சேர அவர் செய்த முயற்சியும் பலிக்கவில்லை. டாக்டர் ஆசண்ட லட்சுமிபதி நடத்திய ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூற்றியல் ஆசிரியராக அமர்ந்தார்.

இக்காலத்தில் அவருடைய வாழ்வின் திசையை மாற்றிய துயரம் ஒன்று நிகழ்ந்தது. உடன்பிறந்தோர் இருவர் ஒருவர் பின் ஒருவராக ஸ்ப்ரூ என்னும் நோய்க்கு இரையாயினர். உண்ட உணவின் சத்து குடலில் ஏறாமல் கழிந்து, இரத்தம் வற்றி, உடல் உருகி மாளச் செய்யும் வெப்பமண்டல நோய் அது. அன்று அதன் காரணத்தை யாரும் அறிந்திலர். சுப்பாராவும் அந்நோயால் பீடிக்கப்பட்டு, லட்சுமிபதி அவர்களின் ஆயுர்வேத மருத்துவத்தால் பிழைத்தார் என்று அவர்தம் வரலாற்றாசிரியர்கள் எழுதுவர். தம் குடும்பத்தை வாட்டிய நோயின் வேரைக் காண வேண்டும் என்ற வேட்கை அவர் உள்ளத்தில் கனலாக மூண்டது.

கடல் கடந்த கல்வி

மாமனாரின் உதவியோடும், காக்கிநாடாவைச் சேர்ந்த சத்தியலிங்க நாயக்கர் அறநிலையத்தின் ஆதரவோடும், 1920களின் தொடக்கத்தில் சுப்பாராவ் அமெரிக்காவின் பாஸ்டன் நகரை அடைந்தார். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் சேர்ந்தார். இந்திய மருத்துவச் சான்றிதழுக்கு அங்கு மதிப்பில்லாமையால் மருத்துவராகப் பணியாற்ற இயலவில்லை. பகலில் மாணவராக இருந்தவர், இரவில் மருத்துவமனை ஒன்றில் நோயாளிகளின் மலசலக் கலங்களைத் துப்புரவு செய்து வயிறு வளர்த்தார்.

மூன்றாண்டுகளில் திரும்பிவிடுவதாக இளம் மனைவி சேஷகிரியிடம் கூறிவிட்டு வந்தவர் அவர். அந்த வாக்கு நிறைவேறவேயில்லை. கப்பலேறிய பின் பிறந்த மகனின் முகத்தை அவர் கண்டதில்லை. ஓராண்டு நிறையுமுன்பே அக்குழந்தை மறைந்தது. அறிவியலுக்கு அவர் அளித்த கொடையை எண்ணும்போது, அதற்கான விலையில் ஒரு பெரும் பங்கைச் செலுத்தியவர் கடலுக்கு இப்பால் காத்திருந்த அந்த அம்மையார் என்பதையும் எண்ணுதல் நம் கடமையாகும்.

தசையில் கிடைத்த புதையல்

வெப்பமண்டல மருத்துவத்தில் பட்டயம் பெற்றபின், ஹார்வர்டு உயிர்வேதியியல் துறையில் சைரஸ் ஃபிஸ்க் என்னும் பேராசிரியரிடம் சுப்பாராவ் ஆய்வில் இறங்கினார். இரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரசின் அளவை, கரைசலில் தோன்றும் நீல நிறத்தின் அழுத்தத்தைக் கொண்டு கணிக்கும் முறையை இருவரும் 1925இல் வெளியிட்டனர். ஃபிஸ்க்–சுப்பாராவ் முறை என்று இன்றும் அது வழங்குகின்றது. உயிர்வேதியியல் பயிலும் நம் மாணவர்கள் செய்முறை வகுப்பில் இப்பெயரை உச்சரிக்கின்றனர். அப்பெயருக்கு உரியவர் திருவல்லிக்கேணியில் பயின்றவர் என்பதை அறிந்தோர் சிலரே.

அந்நாளில், தசை சுருங்குவதற்கான ஆற்றல் லாக்டிக் அமிலம் உருவாவதால் கிடைக்கின்றது என்ற கருத்து நிலவியது. தசை பற்றிய ஆய்வுகளுக்காக ஏ.வி. ஹில், ஆட்டோ மேயர்ஹாஃப் ஆகிய இருவருக்கும் 1922ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசும் வழங்கப்பட்டிருந்தது. 1927இல் ஃபிஸ்க்கும் சுப்பாராவும் தசையில் பாஸ்போகிரியேட்டின் என்னும் பொருளைக் கண்டனர். தசை உழைக்கும்போது அது குறைகின்றது. ஓய்வில் மீண்டும் நிறைகின்றது. பழைய கருத்து ஆட்டம் கண்டது.

1929இல் அதனினும் பெரிய கண்டுபிடிப்பு வந்தது. தசையிலிருந்து அடினோசின் டிரைபாஸ்பேட் என்னும் நியூக்ளியோடைடை இருவரும் பிரித்தெடுத்தனர். அதே ஆண்டில் ஜெர்மனியில் கார்ல் லோமன் என்பாரும் தனித்து நின்று இதனைக் கண்டார். ஏ.டி.பி. என்று சுருக்கமாக வழங்கும் இப்பொருளில் மூன்று பாஸ்பேட்டுகள் சங்கிலிபோல் கோக்கப்பட்டுள்ளன. கடைசிக் கண்ணி அறுபடும்போது வெளிப்படும் ஆற்றலே தசையைச் சுருக்குகின்றது, நரம்பைத் தூண்டுகின்றது, உயிரணுவில் புதிய பொருள்களைக் கட்டுகின்றது. உண்ட உணவு எரிந்து தரும் ஆற்றலால் அக்கண்ணி மறுபடியும் பூட்டப்படுகின்றது. உடலில் எந்த நேரத்திலும் இருப்பில் உள்ள ஏ.டி.பி. மிகச் சிறிதளவே. ஆயினும் அது மீண்டும் மீண்டும் செலவாகிப் புதுப்பிக்கப்படுவதால், ஒரு நாளில் கைமாறும் மொத்த அளவு ஏறத்தாழ மனிதனின் எடைக்கு நிகராகும். இருப்பு சிறிதாயினும் சுழற்சி பெரிது என்னும் வணிக நுட்பத்தை உயிரணு என்றோ கற்றுவிட்டது.

வெளிவராத பக்கங்கள்

1930இல் சுப்பாராவ் முனைவர் பட்டம் பெற்றார். ஆனால் ஹார்வர்டு அவருக்கு நிலையான பேராசிரியர் பதவியை வழங்கவில்லை. அவர் தனியாகப் பிரித்தெடுத்த நியூக்ளியோடைடுகள் சிலவற்றை வெளியிட ஃபிஸ்க் இடம் தரவில்லை என்றும், பொறாமையே அதற்குக் காரணமாகத் தோன்றியது என்றும், அவை பல ஆண்டுகள் கழித்துப் பிறரால் மீண்டும் கண்டுபிடிக்கப்பட வேண்டியதாயிற்று என்றும் ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் பிற்காலத்தில் எழுதினார். ஹார்வர்டில் ஃபிஸ்க்கிடம் பயின்றவர் ஹிட்சிங்ஸ். 1988இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவரும் அவரே. ஆதலின் இக்கூற்றை எளிதில் புறந்தள்ள இயலாது.

இங்கு நாம் சிந்திக்க வேண்டியது ஒன்றுண்டு. அறிவு மறைக்கப்படும்போது ஒருவரின் புகழ் மட்டும் குறைவதில்லை. அந்த அறிவால் விளையவிருந்த மருந்தும் அத்தனை ஆண்டுகள் தாமதமாகின்றது. இழப்பு சுப்பாராவுக்கு மட்டும் உரியதன்று. நோயுற்ற மானிடர் அனைவருக்கும் உரியது.

இலையில் பிறந்த அமிலம்

1940இல் சுப்பாராவ் நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லே ஆய்வகத்தில் சேர்ந்தார். விரைவில் ஆய்வுத் துறையின் தலைவரானார். உடன்பிறந்தோரை மாய்த்த நோயின் வேரைத் தேடும் வாய்ப்பு அங்குதான் கனிந்தது.

இத்தேடலின் தொடக்கம் நம் நாட்டிலேயே நிகழ்ந்தது. பம்பாயில் கருவுற்ற ஏழைப் பெண்களை வாட்டிய கடும் இரத்தசோகையை 1928 முதல் ஆராய்ந்த லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலப் பெண் மருத்துவர், ஈஸ்ட் சாறு அதனைக் குணப்படுத்துவதைக் கண்டார். சாற்றில் உள்ள சத்து எதுவென அன்று தெரியவில்லை. 1941இல் அமெரிக்க ஆய்வாளர்கள் நான்கு டன் பசலைக்கீரையிலிருந்து ஓர் அமிலத்தைப் பிரித்து, இலை என்று பொருள்படும் இலத்தீன் சொல்லால் ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டனர். அதன் தூய வடிவத்தைப் பெற்று, அமைப்பை உணர்ந்து, ஆய்வகத்தில் செயற்கையாக ஆக்கும் அரிய பணியை 1945–46இல் முடித்தது சுப்பாராவ் தலைமையிலான லெடர்லே குழுவாகும். ஸ்ப்ரூ நோயாளிகளின் இரத்தசோகையை அம்மருந்து மாற்றியது. உடன்பிறந்தோரின் மறைவுக்குப் பின் ஏறத்தாழ கால் நூற்றாண்டு கடந்து, அந்நோய்க்கு அவர் விடை கண்டார்.

ஃபோலிக் அமிலம் ஏன் இரத்தத்தை வளர்க்கின்றது? எலும்பு மச்சையில் நாள்தோறும் கோடிக்கணக்கான சிவப்பணுக்கள் புதிதாகப் பிறக்கின்றன. ஓர் உயிரணு இரண்டாகப் பிரியுமுன் தன் மரபுநூலை முழுவதும் படியெடுத்தாக வேண்டும். அதற்குப் புதிய நியூக்ளியோடைடுகள் தேவை. அவற்றை, குறிப்பாகத் தைமின் கொண்ட நியூக்ளியோடைடை, ஆக்கும் பணியில் ஃபோலிக் அமிலம் துணை நிற்கின்றது. இச்சத்து குன்றினால் அச்சகத்தில் எழுத்து தீர்ந்த நிலை ஏற்படுகின்றது. உயிரணு பருக்கின்றது, பிரிய மாட்டாமல் நின்றுவிடுகின்றது.

சத்தியமங்கலம் வட்டாரத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் கருவுற்ற தாய்மார்க்கும், பள்ளிகளில் மாணவியர்க்கும் வழங்கப்படும் இரும்புச்சத்து மாத்திரையில் இரும்போடு கலந்திருப்பது இந்த ஃபோலிக் அமிலமே. கருவுறுவதற்கு முன்பும், கருவின் தொடக்க வாரங்களிலும் இதனை உட்கொண்டால், குழந்தையின் முதுகுத்தண்டும் மூளையும் குறையோடு உருவாகும் இடர் பெரிதும் குறைகின்றது. கீரை, பயறு, ஈரல் முதலியவற்றில் இச்சத்து உண்டு. நெடுநேரம் கொதிக்கவிட்டு நீரை வடித்துவிட்டால் அதில் பெரும்பகுதி போய்விடும் என்பதை இல்லத்தரசியர் நினைவிற் கொள்ளல் நலம்.

நம் மலைப்பகுதிகளோடு தொடர்புடைய மற்றொரு செய்தியும் உண்டு. 1952இல் லேமன், கட்புஷ் என்னும் ஆய்வாளர்கள் நீலகிரி மலைவாழ் மக்களிடையே அரிவாள் வடிவச் சிவப்பணு இருப்பதைப் பதிவு செய்தனர். இரத்தத்தின் செந்நிறப் புரதத்திற்குரிய மரபணுவில் அடினின் நிற்க வேண்டிய ஓரிடத்தில் தைமின் நிற்பதே இந்நோயின் காரணம். நூலில் ஓர் எழுத்துப் பிழை; உடல் முழுவதும் துன்பம். இவ்விரத்தசோகை உடையோரின் அணுக்கள் விரைந்து அழிவதால், புதிய அணுக்கள் பிறக்க ஃபோலிக் அமிலம் அவர்களுக்குத் துணை மருந்தாகத் தரப்படுகின்றது. நியூக்ளியோடைடு ஆக்கத்தைக் கட்டுப்படுத்தும் ஹைட்ராக்ஸியூரியா என்னும் மருந்தும் இந்நோயின் வலியைக் குறைக்க உதவுகின்றது.

ஆக்கும் அறிவே தடுக்கும் மருந்தாயிற்று

பாஸ்டனில் குழந்தை மருத்துவராக விளங்கிய சிட்னி ஃபார்பர், இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகளுக்கு ஃபோலிக் அமில வகைகளைக் கொடுத்தபோது நோய் விரைந்து முற்றுவதாகக் கருதினார். அவ்வாறாயின், அந்த அமிலத்தின் செயலைத் தடுக்கும் பொருள் நோயையும் தடுக்கக்கூடுமன்றோ? சுப்பாராவின் குழுவினர் ஃபோலிக் அமிலத்தைப் போன்றே தோற்றம் உடைய, ஆனால் அதன் பணியைச் செய்யாத, அமினோப்டெரின் என்னும் பொருளை ஆக்கி அளித்தனர். பூட்டினுள் நுழைந்து, திரும்பாமல் சிக்கிக்கொள்ளும் போலிச் சாவி போன்றது அது. நியூக்ளியோடைடு ஆக்கம் தடைப்படும்போது, கட்டுப்பாடின்றிப் பெருகும் புற்றணுக்கள் எழுத்தின்றி நிற்கின்றன.

1948 சூன் திங்களில் ஃபார்பர் தம் முடிவுகளை வெளியிட்டார். 16 குழந்தைகளுள் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது. அதுவரை சில வாரங்களில் மரணம் என்று கைவிடப்பட்ட நோய் அது. தணிவு நிலைக்கவில்லை. ஆயினும் மருந்தால் இரத்தப் புற்றுநோயைப் பின்வாங்கச் செய்ய இயலும் என்பது மெய்ப்பிக்கப்பட்டது. அமினோப்டெரினின் உடன்பிறப்பாக அதே ஆய்வகத்தில் பிறந்த மெத்தோட்ரெக்சேட், இன்றும் புற்றுநோய் மருத்துவத்தில் இன்றியமையாத மருந்தாக உள்ளது. பிற மருந்துகளோடு சேர்த்து அதனைப் பெறும் குழந்தைகளுள் பெரும்பாலோர் நலமடைகின்றனர். சிறிய அளவில் வாரம் ஒருமுறை கொடுக்கப்படும்போது முடக்குவாதத்தையும் அது தணிக்கின்றது.

பிற கொடைகள்

யானைக்கால் நோய்க்குரிய ஹெட்ராசன் என்னும் மருந்து 1947இல் சுப்பாராவின் ஆய்வகத்திலிருந்து வெளிவந்தது. டி.இ.சி. என்ற பெயரில் நம் நாட்டில் வீடு வீடாக வழங்கப்பட்ட மாத்திரை இதுவே. அவர் தலைமையின்கீழ் பணியாற்றிய தாவரவியலார் பெஞ்சமின் டக்கர், மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து ஆரியோமைசின் என்னும் உயிர் எதிரியைக் கண்டார். 1948இல் அது உலகிற்கு அறிவிக்கப்பட்டது. டெட்ராசைக்ளின் குடும்பத்தின் முதல் மருந்து அது. 1994இல் சூரத் நகரில் பிளேக் அச்சம் எழுந்தபோது மக்களுக்குக் கைகொடுத்தது அக்குடும்பத்து மருந்தே.

இத்தனை கண்டுபிடிப்புகளின்போதும் அவர் தம் பெயரை முன்னிறுத்தவில்லை. உடன் உழைத்தவர்களின் பெயர்களே ஆய்வுரைகளில் முன்னின்றன. செய்தியாளர் கூட்டங்களில் முகம் காட்டுவதைத் தவிர்த்தார்.

மறைவு

1948 ஆகஸ்டு 9ஆம் நாள் காலை, சுப்பாராவ் உறக்கத்திலேயே உயிர் நீத்திருக்கக் கண்டனர். இந்தியா விடுதலை பெற்று ஓராண்டு நிறைய ஆறு நாள்களே எஞ்சியிருந்தன. அமெரிக்காவில் கால் நூற்றாண்டு வாழ்ந்தும் அந்நாட்டுக் குடியுரிமை பெறாமலேயே அவர் மறைந்தார். தாய்மண்ணையும் மீண்டும் மிதிக்கவில்லை. காளான் வகை ஒன்றிற்குச் சுப்பாரோமைசிஸ் என்று அவர் பெயர் சூட்டப்பட்டது. நூற்றாண்டை ஒட்டி 1995இல் இந்திய அரசு அஞ்சல் தலை வெளியிட்டுச் சிறப்பித்தது.

தொடரும் எழுத்து

சுப்பாராவ் மறைந்து ஐந்தாண்டுகளில், 1953இல், டி.என்.ஏ.வின் அமைப்பை வாட்சனும் கிரிக்கும் வெளியிட்டனர். நியூக்ளியோடைடுகளைச் சங்கிலியாகக் கோத்து மரபுக் குறியீட்டை விளக்கிய, பிரிவினைக்கு முந்தைய இந்தியாவில் பிறந்த ஹர் கோவிந்த் கொரானா, 1968இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஹிட்சிங்சும் கெர்ட்ரூட் எலியனும், நியூக்ளியோடைடுகளின் காரத்தைப் போலச்செய்து, இரத்தப் புற்றுநோய்க்கும், உறுப்பு மாற்று மருத்துவத்திற்கும், கீல்வாதத்திற்கும் மருந்துகள் படைத்தனர். அவ்வழியில் அக்கி நோய்க்கும் எச்.ஐ.வி. கிருமிக்கும் மருந்துகள் வந்தன. பொய்யெழுத்தைக் கொடுத்துக் கிருமியின் நூலைப் பாதியில் நிறுத்துவதே அவற்றின் உத்தி. கொரோனாத் தொற்றின்போது வந்த தூது ஆர்.என்.ஏ. தடுப்பூசிகளுக்கு, எழுத்தொன்றைச் சற்றே மாற்றியமைத்த காட்டலின் கரிக்கோ, ட்ரூ வைஸ்மன் ஆகியோரின் ஆய்வு அடிப்படையாயிற்று. அதற்கு 2023இல் நோபல் பரிசு கிடைத்தது.

நிறைவுரை

தேர்வில் இருமுறை தோற்றவர், பட்டம் மறுக்கப்பட்டவர், பதவி மறுக்கப்பட்டவர், கண்டுபிடித்தவற்றுள் சிலவற்றை வெளியிடவும் இடம் பெறாதவர். இத்தனைக்கும் இடையில் சுப்பாராவ் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: என் உடன்பிறந்தோர் ஏன் இறந்தனர்? அக்கேள்வியை அவர் மனத்தாங்கலாக மாற்றிக்கொள்ளவில்லை, ஆய்வாக மாற்றினார். விடை கிடைத்தபோது அது அவர் இல்லத்திற்குப் பயன்படவில்லை; ஆனால் யாரென்றே அவர் அறியாத கோடிக்கணக்கான இல்லங்களுக்குப் பயன்பட்டது.

மதிப்பெண் குறைந்தமையால் மனம் தளரும் மாணவர்களும், அவர்களை அந்த மதிப்பெண்ணால் மட்டுமே அளக்க முற்படும் நாமும் இவ்வாழ்வை ஊன்றிப் படிக்க வேண்டும். நகைகளை விற்ற தாயையும், காத்திருந்த மனைவியையும் மறவாமல் படிக்க வேண்டும். நம் ஊர்ப் பிள்ளை ஒருவர் கேட்கும் கேள்வி சிறிதாயினும், அதற்கு இடம் தந்து, வெளிவரும் விடையை மறைக்காமல் அவர் பெயராலேயே வெளியிடும் ஆசிரியர்களும் பெரியோர்களும் இருப்பார்களாயின், அடுத்த சுப்பாராவ் கடல் கடந்து தனித்திருக்க நேராது.